பழைய பிக்கப்பை ஃபோர் வீலாக மாற்றலாமா? டெல்டாவில் வண்டி ஓட்டுபவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஐப்பசி அடைமழை பிடித்து வாய்க்கால் கரையில் இரண்டு வண்டி இறங்கிவிட்டால் போதும், எங்கள் ஊர் டீக்கடையில் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். பழைய ஜீப் முன் ஆக்ஸில் (முன்சக்கரத்தையும் இழுக்கவைக்கும் அச்சு) ஒன்றை வாங்கி நம்ம பிக்கப்பில் ஏற்றிவிட்டால் என்ன, அப்புறம் எந்தச் சேறு நம்மை நிறுத்தும் என்று ஒருவர் கேட்பார், பக்கத்தில் இருப்பவர் தனக்குத் தெரிந்த பட்டறை ஒன்றைச் சொல்வார். நான் நீடாமங்கலம் பக்கம் 2009 மாடல் பிக்கப் ஒன்றை வைத்துக்கொண்டு நெல், உரம், தேங்காய், சமயத்தில் கல்யாண வீட்டு அண்டா குண்டா என்று கிடைத்ததை ஏற்றி ஓட்டுகிறவன். இதே ஆசையில் இரண்டு வருஷம் அலைந்தேன், பழைய வண்டிச் சாமான் விற்கும் சென்னை புதுப்பேட்டை வரை போய் ஆக்ஸில் விலை கேட்டேன், கடைசியில் மாற்றாமல் விட்டேன். ஏன் விட்டேன், நீங்கள் எதையெல்லாம் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பதை நான் கற்றுக்கொண்ட வரிசையிலேயே எழுதுகிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டியை நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீலாக்குவதுதான் பேச்சு. டெல்டாவில் ரோட்டில் ஓடும் லோடு வண்டிக்கு இந்த மாற்றம் பெரும்பாலும் தேவைப்படாது, தேவைப்படுகிற சிலரும் கம்பெனியிலேயே ஃபோர் வீலாக வந்த பழைய வண்டியை வாங்குவதுதான் புத்திசாலித்தனம். காரணம் வேண்டாம், முடிவு மட்டும் போதும் என்பவர் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

முதல் வேலை: ஒரு நோட்டு போடுங்கள்

பட்டறைக்குப் போவதற்கு முன்னால் 40 பக்க நோட்டு ஒன்றை வண்டியிலேயே போட்டுவையுங்கள். மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 தொடங்கி தாளடி அறுப்பு முடியும் வரை ஒரு சுற்று, வண்டி எங்கெல்லாம் நின்றது என்று எழுதுங்கள். தேதி, இடம், காலி வண்டியா லோடா, எப்படி வெளியே எடுத்தீர்கள், எவ்வளவு செலவு. இவ்வளவு போதும். ஆளாளுக்கு "வருஷத்துக்கு முப்பது தடவை மாட்டுது" என்பார்கள், எழுதிப் பார்த்தால் அது அவ்வளவு வராது. மாட்டிக்கொண்ட நாள் மட்டும் ஞாபகத்தில் பெரிதாக நிற்கிறது, ஒழுங்காக வந்துபோன இருநூறு நாளை யார் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

என் நோட்டில் ஒரு பருவத்தில் ஏழு தடவை. அதில் நான்கு ஒரே இடம்: வயலில் இருந்து கரைக்கு ஏறும் ஒரு சரிவு. இரண்டு தடவை காலி வண்டி கரை ரோட்டில் வழுக்கி ஓரமாக இறங்கியது. ஒன்று முழுக்க என் முட்டாள்தனம், அறுவடை மெஷின் போன தடத்திலேயே நானும் போகலாம் என்று உள்ளே விட்டேன். அந்த மெஷின் பெல்ட் வண்டி, டயர் வண்டி இறங்க முடியாத ஈர வயலுக்கு என்றே கொண்டு வந்தது. அது போன தடத்தில் 7.00-15 டயர் போகும் என்று எந்த நம்பிக்கையில் நினைத்தேனோ தெரியவில்லை.

இந்த நோட்டில் "காலியா, லோடா" என்ற கட்டம்தான் முக்கியம். ஏன் என்று கொஞ்சம் கீழே வரும்.

இரண்டாவது: உங்கள் சேறு எந்தச் சேறு?

டெல்டா முழுக்க ஒரே மண் என்று நினைப்பவர் தஞ்சாவூரில் இருந்து வேதாரண்யம் வரை ஒருமுறை மண்வெட்டியோடு போய்வர வேண்டும். பழைய டெல்டாவில், அதாவது வெண்ணாறு, வெட்டாறு, கோரையாறு, பாமணியாறு பாயும் திருவாரூர், மன்னார்குடி பக்கத்தில், பெரும்பாலும் களிமண். கோடையில் கை நுழையும் அளவு வெடிக்கும், அப்போது அதன்மேல் லாரியே போகலாம். மழை விழுந்ததும் மேலே ஒன்றிரண்டு அங்குலம் மட்டும் சோப்பு மாதிரி ஆகிவிடும், கீழே கெட்டியாகவே இருக்கும். இது கரை ரோட்டுச் சேறு. இதில் வண்டி புதையாது, வழுக்கும். டயர் அந்த வழுக்கலைக் கிழித்துக் கீழே உள்ள கெட்டியைத் தொட்டுவிட்டால் பிடித்துக்கொள்ளும்.

வயல் சேறு வேறு ஜாதி. கேஜ் வீல் போட்டு சேடை அடித்த வயலில் ஒரு ஜாண் ஆழத்துக்குக் குழம்பு, அதன் அடியில் வருஷக்கணக்காக மிதிபட்டு இறுகிய தளம். வண்டி அந்தத் தளம் வரை இறங்கும். கேள்வி ஒன்றுதான்: சக்கரம் தளத்தைத் தொடும் முன் டிஃப்ரன்ஷியல் வயிறு (அச்சின் நடுவில் புடைத்திருக்கும் கியர் பெட்டி) சேற்றில் உட்கார்ந்துவிடுமா? உட்கார்ந்துவிட்டால் இரண்டு சக்கரம் சுற்றினாலும் நான்கு சுற்றினாலும் ஒன்றுதான், வண்டியின் எடையை மண் சுமக்கிறது, சக்கரம் சுமக்கவில்லை. அதனால் இன்றைக்கே டேப் எடுத்துக்கொண்டு போய் உங்கள் வண்டியின் பின் ஹவுசிங் (அந்த வயிற்றை மூடிய இரும்புக்கூடு) அடிக்கும் தரைக்கும் எவ்வளவு இடைவெளி என்று அளந்துவிடுங்கள். அப்புறம் மாட்டுகிற இடத்தில் கடப்பாரையைக் கையால் அழுத்திப் பாருங்கள், எத்தனை அங்குலத்தில் நிற்கிறது என்று. முதல் அளவைவிட இரண்டாவது அளவு அதிகம் என்றால் அந்த இடம் டிராக்டருக்கானது. ஃபோர் வீல் போட்டுக்கொண்டு அங்கே போனால் இன்னும் பத்தடி உள்ளே போய் மாட்டுவீர்கள், வெளியே இழுக்க வருகிற டிராக்டருக்கும் கயிறு நீளம் பத்தாது.

பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கம் கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில் செம்மண் கலந்த பூமி, தென்னந்தோப்பு. அங்கே மழை நின்ற மறுநாளே வண்டி போகலாம், இந்தக் கட்டுரையே அவர்களுக்குத் தேவை இல்லை. வேதாரண்யம், கோடியக்கரை பக்கம் மணல், உப்பளம், இறால் குட்டைக் கரை. மணலில் டயர் காற்றைக் குறைப்பது செய்யும் வேலையில் பாதியைக்கூட எந்த இயந்திரமும் செய்யாது. தவிர, உப்பு. முன் ஆக்ஸில் ஹவுசிங், நக்கிள், சீல் என்று துருப்பிடிக்க இன்னும் நூறு கிலோ இரும்பைக் கொண்டுபோய் உப்புத் தண்ணீரில் தொங்கவிடுவதற்கு முன்னால் யோசிக்க வேண்டும்.

வெள்ளத்தைப் பற்றி ஒரே வரி. தண்ணீர் ரோட்டில் ஓடும்போது ஃபோர் வீல் உங்களைக் காப்பாற்றாது. இஞ்சின் காற்று இழுக்கும் உயரமும் தண்ணீரின் வேகமும்தான் அங்கே கணக்கு, இரண்டையும் ஆக்ஸில் மாற்றாது.

மூன்றாவது: ஃபோர் வீல் எதைத் தரும்?

காலிப் பிக்கப்பில் எடையில் பாதிக்கு மேல் முன்சக்கரத்தின் மேல் இருக்கிறது, இஞ்சின் அங்கேதானே. இழுப்பதோ பின்சக்கரம். பின்னால் பாரம் இல்லை, அதனால் ஈரக் களிமண்ணில் பின்பக்கம் நடனமாடும். இந்த நிலையில் முன்சக்கரமும் இழுத்தால் பெரிய வித்தியாசம் தெரியும், அதை நான் மறுக்கவே மாட்டேன். இன்னொன்று, டூ வீல் வண்டியில், அதாவது பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டியில், முன்சக்கரம் தானாகச் சுற்றாது, பின்னால் இருந்து தள்ளப்படுகிறது. சேற்றில் அது ஏர்க்கொழு மாதிரி மண்ணை முன்னால் குவித்துக்கொண்டே போகும். ஃபோர் வீலில் அதே சக்கரம் மண்மேல் ஏறிப் போகும். ஓட்டிப் பார்த்தவர் அந்தச் சுகத்தை மறக்க மாட்டார்.

லோடு ஏற்றியதும் கதை தலைகீழ். 40 கிலோ சிப்பம் 40 ஏற்றினால் 1,600 கிலோ, அதில் பெரும்பகுதி பின் ஆக்ஸில் மேல்தான் உட்காரும். சரிவில் ஏறும்போது இன்னும் பின்னால் சாயும், முன்சக்கரம் இலேசாகிவிடும். அந்த நேரத்தில் முன் ஆக்ஸில் தரக்கூடிய பிடி கொஞ்சம்தான். லோடோடு மாட்டுகிற வண்டி பெரும்பாலும் பிடி இல்லாமல் மாட்டுவதில்லை, மண் தாங்காமல் இறங்கி மாட்டுகிறது. இல்லையென்றால் ஒரு பின்சக்கரம் மட்டும் காற்றாடி மாதிரி சுற்றி மாட்டுகிறது.

அந்த ஒற்றைச் சக்கரம் சுற்றுவதைப் புரிந்துகொண்டால் பாதிப் பணம் மிச்சம். சாதாரண டிஃப்ரன்ஷியல் இரண்டு பக்கமும் சமமான இழுவிசையைத்தான் கொடுக்கும். சமம் என்றால் நிஜமாகவே சமம்: வழுக்குகிற சக்கரம் எவ்வளவு குறைவாக வாங்கிக்கொள்கிறதோ அவ்வளவுதான் கெட்டித் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும். பந்தியில் ஒருத்தன் சாப்பிடவில்லை என்பதற்காக எதிரில் இருப்பவனுக்கும் பரிமாறாமல் போவது மாதிரி. ஃபோர் வீலாக மாற்றினாலும் முன்னே ஒன்று, பின்னே ஒன்று என்று இப்படிப்பட்ட டிஃப்ரன்ஷியல் இரண்டு இருக்கும், முன்னே ஒரு சக்கரமும் பின்னே ஒரு சக்கரமும் வழுக்கினால் நான்கு சக்கர வண்டி அப்படியே நிற்கும். இரண்டு பக்கச் சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டும் லாக் இல்லாத ஃபோர் வீல் வண்டி வாய்க்கால் ஓரம் குறுக்காகச் சாய்ந்து, மூலைக்கு மூலை இரண்டு சக்கரம் சுற்றிக்கொண்டு, நகராமல் நின்றதை நானே பார்த்திருக்கிறேன், ஓட்டினவர் முகத்தைப் பார்க்கத்தான் சங்கடமாக இருந்தது.

ஃபோர் வீல் லிவரோடு வரும் லோ கியர் தனி விஷயம். பழைய ஜீப்புகளில் இருந்த ஸ்பைசர் 18 டிரான்ஸ்ஃபர் கேஸில் (இழுவிசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி) லோ ரேஷியோ 2.46. அதாவது முதல் கியரில் வண்டி போகும் வேகம் பாதிக்கும் கீழே, இழுவிசை இரண்டரை மடங்கு. சரிவில் கிளட்சை எரிக்காமல் ஊர்ந்து ஏற இது அருமையான சாமான். உங்கள் நோட்டில் கிளட்ச் பிளேட் செலவு அடிக்கடி வந்தால் உங்களுக்குத் தேவை முன் ஆக்ஸில் அல்ல, இந்த லோ கியர்தான் என்று தெரியும்.

நான்காவது: சட்டம், இங்கேதான் பலர் நிற்க வேண்டும்

இதைக் கடைசியில் சொல்லும் பட்டறைக்காரர்தான் அதிகம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 சொல்வது: கம்பெனி முதலில் குறிப்பிட்ட விவரத்தில் இருந்து ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரளாவில் இருந்து வந்த ஒரு வழக்கில் இதை உறுதியாகவே சொன்னது. அதே வருஷம் வந்த திருத்தத்தில் 182ஏ என்ற பிரிவு சேர்ந்தது. அனுமதி இல்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

"ஆக்ஸில் அடியில இருக்கு, யார் குனிஞ்சு பாக்கப்போறா" என்பார்கள். எஃப்.சி.க்கு, அதாவது வண்டியின் தகுதிச் சோதனைக்குப் போனால் குனிந்துதான் பார்ப்பார்கள். மஞ்சள் போர்டு வண்டிக்கு எட்டு வருஷம் தாண்டினால் வருஷா வருஷம் எஃப்.சி. ஆர்.சி.யில் வண்டியின் காலி எடை எழுதியிருக்கிறது, முன் ஆக்ஸிலும் டிரான்ஸ்ஃபர் கேஸும் இரண்டையும் இணைக்கும் ஷாஃப்டும் ஏறினால் அந்த எடை எடைமேடையில் பொருந்தாது. இவ்வளவும் தப்பித்தாலும் இன்சூரன்ஸ் இருக்கிறது: விபத்து ஒன்று நடந்து, சர்வேயர் பார்த்து, சொல்லாமல் செய்த மாற்றம் என்று எழுதிவிட்டால் பணம் கிடைக்காமல் போகலாம், எதிரில் அடிபட்டவர் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டியது உங்கள் தலையில் விழலாம். வேலைக்கு முன்னால் உங்கள் பகுதி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையாக "பண்ணிக்கலாம்" என்று இடைத்தரகர் சொன்னால் அதை ஆர்.சி.யில் ஒட்ட முடியாது.

எழுத்தில் சம்மதம் கிடைக்கவில்லை என்றால் ரோட்டில் ஓடும் வண்டிக்கு இந்த வேலை முடிந்தது. தோப்புக்குள்ளேயே, பண்ணைக்குள்ளேயே கிடக்கும், பொது ரோட்டுக்கே வராத வண்டி என்றால் மட்டும் மேலே யோசியுங்கள்.

ஐந்தாவது: ஆக்ஸில் விலையில் பத்தில் ஒன்று செலவழித்துப் பாருங்கள்

நான் செய்ததை, பலன் தந்த வரிசையில் சொல்கிறேன்.

காலி வண்டி வழுக்குவதற்கு மூட்டை. பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலே, தொட்டியின் கடைசியில் இல்லை, நேர் மேலே, மணல் மூட்டை ஐந்தாறு. 250 கிலோ வரை. நகராதபடி கட்டிவிடுங்கள், பிரேக் அடித்தால் கேபின் கண்ணாடியைத் தேடி வரும். லோடு ஏற்றும் இடத்தில் இறக்கி வைத்துவிட்டுப் போகலாம். கரை ரோட்டில் காலி வண்டி வழுக்கியது இதோடு நின்றுபோனது, செலவு சாக்கு விலை.

டயர். ரோட்டில் சத்தமில்லாமல் ஓடும் நேர்க்கோட்டு டயர் களிமண்ணில் இரண்டு சுற்றில் மொழுமொழு உருளையாகிவிடும். பின்னால் இரண்டுக்கும் இடைவெளி அகலமான பட்டன் டயர் போடுங்கள், அந்த இடைவெளியில்தான் மண் உதிர்ந்து விழ வேண்டும். தார் ரோட்டில் சீக்கிரம் தேயும், சத்தம் வரும், சரிதான், மழைக்கு முன் போட்டு மாசியில் கழற்றிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். காற்று விஷயத்தில் கவனம்: காலி வண்டிக்குச் சேற்றிலும் மணலிலும் 25 பி.எஸ்.ஐ. பக்கம் இறக்கலாம், மெதுவாக ஓட்டினால். ட்யூப் டயர் என்றால் இன்னும் குறைத்தால் ரிம்மில் டயர் நழுவி வால்வைப் பிய்த்துவிடும். தார் ரோடு ஏறும் முன், லோடு ஏற்றும் முன், கட்டாயம் திரும்ப அடிக்க வேண்டும், அதனால் வண்டியில் ஒரு சின்ன கம்ப்ரசர் இல்லாமல் காற்றை இறக்காதீர்கள்.

ஹேண்ட் பிரேக் தந்திரம் இலவசம். ஒரு பின்சக்கரம் மட்டும் சுற்றும்போது ஹேண்ட் பிரேக்கை இரண்டு மூன்று பல் மட்டும் இழுத்துவிட்டு மெதுவாக ஆக்சிலரேட்டர் கொடுங்கள். சுற்றுகிற சக்கரத்தைப் பிடித்தால் மற்ற சக்கரத்துக்கும் கொஞ்சம் இழுவிசை போகும். பின் டிரம்மில் ஹேண்ட் பிரேக் வேலை செய்யும் வண்டியில்தான் இது நடக்கும். சில பழைய ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் ஷாஃப்டையே பிடிக்கும், அங்கே பிரயோஜனம் இல்லை.

அடுத்து பின் டிஃப்ரன்ஷியல் லாக். மெக்கானிக்கல் லாக் டிஃப்ரன்ஷியல் என்று ஒன்று, ஒரு சக்கரம் மற்றதைவிட வேகமாகச் சுற்றியதும் தானாகவே இரண்டையும் பூட்டும். மஹிந்திரா 2021-இல் கொண்டுவந்த பொலேரோ நியோவில் ஒரு மாடலுக்கு இதைக் கொடுத்தது. கவனியுங்கள், அது பின்சக்கரம் மட்டும் இழுக்கும் டூ வீல் வண்டிதான். என் நோட்டை வைத்துப் பார்த்தால் முன் ஆக்ஸில் போட்டுக் கிடைக்கும் பலனில் பெரும்பகுதி இந்த ஒன்றிலேயே கிடைத்திருக்கும். ஆனால் உங்கள் ஆக்ஸிலுக்குச் சரியாகப் பொருந்துகிற சாமான் கிடைக்க வேண்டும், டிஃப்ரன்ஷியலுக்குள் இருக்கும் கிரவுன் பினியன் கியரைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த கை வேண்டும், இதற்கும் அனுமதியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கிரவுனில் பிளேட்டை வெல்டிங் வைத்து நிரந்தரமாகப் பூட்டிவிடலாம் என்று எவராவது சொன்னால் அந்தப் பட்டறையில் டீகூடக் குடிக்காதீர்கள். தார் ரோட்டில் திரும்பும்போது டயர் தேயும், ஆக்ஸில் முறியும், மழையில் வண்டி நேராகப் போய் ஆற்றில் இறங்கும்.

மாட்டிக்கொண்டால் எடுக்க: மண்வெட்டி ஒன்று, நல்ல பெல்ட் கயிறு ஒன்று, பலகை இரண்டு. பலகை இல்லாத இடத்தில் தென்னை மட்டை இருக்கும், நம் ஊரில் அதற்கா பஞ்சம். மட்டையின் அடிப்பக்கம் சக்கரத்தைப் பார்த்து, நீளவாட்டில், சக்கரத்தின் முன்னால் நன்றாகச் செருக வேண்டும், குறுக்கே போட்டால் பின்னால் பறந்து வந்து நிற்பவர் காலை உடைக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்துச் சத்தம் எழுப்புவது பள்ளம் தோண்டுவதற்கு மட்டும் உதவும்.

கடைசியாகச் செய்தது, முதலில் செய்திருக்க வேண்டியது: அந்தச் சரிவு. ஏழில் நான்கு தடவை அங்கேதானே. சரிவைக் கொஞ்சம் நீட்டி வெட்டி, செங்கல் சூளைக் கழிவு ஒரு லோடு, மேலே வல்லம் பக்கத்து கிராவல் ஒரு லோடு, டிராக்டரை விட்டு நாலு மிதி. பக்கத்து வயல்காரர் மூன்று பேரும் பங்கு கொடுத்தார்கள், அவர்களும் அங்கேதான் மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஆற்றுக்கரை அரசாங்கக் கரை என்றால் நீர்வளத்துறையிடம் கேட்காமல் கையை வைக்காதீர்கள், இது எங்கள் சொந்த வாய்க்கால் கரை.

ஒன்றை இடையில் சொல்லியாக வேண்டும். வண்டியில் பலம் இருக்கிறது என்று மழை நேரத்தில் கரைமேல் ஓட்டி ஏற்படுத்தும் தடம் அப்படியே இறுகிப்போய்த் தை வரை கிடக்கும். அதில் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் விழுவார்கள், ஊரார் உங்களைத்தான் திட்டுவார்கள். ஈரம் காயும் வரை சரக்கை டிராக்டர் டிரெய்லரில் தார் ரோடு வரை கொண்டுவந்து பிக்கப்புக்கு மாற்றுவது நம் பக்கம் காலங்காலமாக நடப்பதுதான், அதில் மானக்கேடு ஒன்றும் இல்லை. கூலியை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பருவத்தில் டிராக்டருக்குக் கொடுத்த மொத்தத்தை ஐந்தால் பெருக்கிப் பாருங்கள், பட்டறை சொன்ன தொகை அதைவிடப் பெரிது என்றால் கணக்கு அங்கேயே முடிந்தது.

ஆறாவது: அப்படியும் மாற்றத்தான் போகிறீர்கள் என்றால்

சட்டச் சிக்கல் இல்லாத பண்ணை வண்டி, நோட்டும் மாற்று என்றே சொல்கிறது. சரி. உங்கள் மாடலிலேயே கம்பெனி ஃபோர் வீல் விட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விட்டிருந்தால் அந்த வண்டி ஒன்றை ஸ்கிராப்பில் முழுதாக வாங்குங்கள். முன் ஆக்ஸில் ஓரிடம், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஓரிடம் என்று சேர்த்தால் கடைசியில் பிராக்கெட், லிவர், கேபிள், போல்ட் என்று சில்லறைச் சாமானுக்கே ஆறு மாதம் ஓடிவிடும். கியர்பாக்ஸும் மாற வேண்டி வரும், டூ வீல் கியர்பாக்ஸின் பின் ஹவுசிங்கும் மெயின் ஷாஃப்டும் டிரான்ஸ்ஃபர் கேஸை ஏற்றும்படி இருக்காது. கியர்பாக்ஸைத் தொடாமல் டிரான்ஸ்ஃபர் கேஸைத் தனியாக நடுவில் தொங்கவிட்டு ஒரு குட்டி ஷாஃப்டால் இணைப்பவர்களும் உண்டு, அப்போது பின் ஷாஃப்டைச் சுருக்க வேண்டும், சுருங்கினால் அதன் கோணம் செங்குத்தாகும், கோணம் கூடினால் ஷாஃப்ட் முனையில் இருக்கும் கிராஸ் ஜாயின்ட் சீக்கிரம் போகும், வண்டி அதிரும். ஷாஃப்டை வெட்டினால் லேத்தில் பேலன்ஸ் பார்க்காமல் மாட்டவே கூடாது.

முன்னால் பட்டை ஸ்பிரிங்கும் நேர் ஆக்ஸிலும் உள்ள வண்டி என்றால் வேலை கொஞ்சம் நியாயமானது. தனித்தனிச் சஸ்பென்ஷன் என்றால் சேஸிஸில் வெட்டு, வெல்டிங் என்று போகும், அங்கே நிறுத்திவிடுங்கள். ஆயில் சம்ப் அடியில் ஆக்ஸில் மேலும் கீழும் ஆட இடம் வேண்டும். முன் டிஃப்ரன்ஷியல் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமே டிரான்ஸ்ஃபர் கேஸில் முன் ஷாஃப்ட் மாட்டும் வாய் இருக்க வேண்டும். திருப்பும் கோணமும் குறையும், அக்ரஹாரத்து மூலையிலும் மதகுப் பாலத்திலும் ஒரே வெட்டில் திரும்பிக்கொண்டிருந்த வண்டி இனி ரிவர்ஸ் எடுத்துத்தான் திரும்பும்.

எல்லாவற்றையும்விட ரேஷியோ, அதாவது இரண்டு பக்கச் சக்கரமும் ஒரு சுற்று போக ஷாஃப்ட் எத்தனை சுற்று போகிறது என்பது. முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் ஒரே ரேஷியோவாக இருந்தே ஆக வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவருக்குப் பட்டறையில் இதைப் பார்க்காமலே மாட்டிக்கொடுத்தார்கள், பின்னே 4.88, முன்னே 5.38. கேட்டால் "அரைப் புள்ளிதானே" என்றார்களாம். அந்த அரைப் புள்ளியால் பத்து மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் முன்சக்கரம் பின்தங்கும், நான்கு சக்கரமும் ஒன்றோடு ஒன்று மல்லுக்கட்டும். சேற்றில் தெரியவில்லை. லிவரைப் போட்டபடியே தார் ரோடு ஏறிய முதல் நாள் டிரான்ஸ்ஃபர் கேஸ் உடைந்தது.

நீங்களே அளந்துவிடலாம். முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டு, ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். மற்றது தரையிலேயே இருக்கட்டும், அதற்கும் கட்டை. ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு. மற்றது நிற்பதால், தூக்கிய சக்கரத்தைக் கையால் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள், ஷாஃப்ட் எத்தனை சுற்று போகிறதோ அதுதான் ரேஷியோ. ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு, ஐந்தரைக்குக் கொஞ்சம் குறைவு என்று கண்ணுக்கே தெரியும். வாங்கப்போகும் முன் ஆக்ஸிலிலும் ஒரு பக்க ஹப்பைப் பிடித்துக்கொண்டு இதையே செய்யலாம். ரேஷியோ ஒன்றாக இருந்தாலும் கெட்டியான காய்ந்த ரோட்டில் ஃபோர் வீல் லிவரைப் போடக் கூடாது, திரும்பும்போது முன்சக்கரம் பெரிய வட்டத்தில் ஓடுகிறது, அந்த வித்தியாசம் போக இடமில்லாமல் ஷாஃப்டிலேயே முறுக்கேறும்.

ஏழாவது: விற்றுவிட்டு வேறு வாங்குவது

ஆசை இன்னும் விடவில்லை, சேறும் நிஜம் என்றால் வழி இதுதான். பொலேரோ கேம்பர், பொலேரோ பிக்கப், ஸ்கார்ப்பியோ கெட்அவே, டாடா செனான், இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் ஆகியவை ஃபோர் வீலாகவும் வந்திருக்கின்றன. ஆர்.சி. சுத்தம், இன்சூரன்ஸ் சுத்தம், சாமான் கடையில் கேட்டால் மாடல் பெயர் சொல்லி வாங்கலாம். டூ வீலும் இதே பெயர்களில் உண்டு என்பதால் விளம்பரத்தை நம்பாமல் குனிந்து முன் ஆக்ஸிலுக்குப் போகும் ஷாஃப்ட் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள், சிலர் தேய்ந்துபோனது என்று கழற்றி வைத்திருப்பார்கள்.

மலையில் ஓடிய வண்டியானால் முன் சக்கரத்தை முழுக்க ஒடித்துவைத்து மெதுவாக ஓட்டுங்கள், டக் டக் என்றால் ஜாயின்ட் போயிருக்கிறது. கடற்கரைப் பக்கத்து வண்டியானால் ஹவுசிங்கின் அடியை ஸ்க்ரூடிரைவரால் தட்டுங்கள். டிஃப்ரன்ஷியல் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள், மோர் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. லோ கியரைப் போட்டுக் கொஞ்சம் ஏற்றத்தில் ஏறி, ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டுப் பிடியுங்கள், லிவர் தானாக வெளியே குதிக்கக் கூடாது. இதையெல்லாம் வெயில் காலத்தில் ஷோரூம் வாசலில் செய்து பார்த்துப் பிரயோஜனமில்லை, மழை பெய்த மறுநாள் போங்கள், ஈரமான காலி மனை ஒன்று பக்கத்தில் இருக்கிறதா என்று விற்பவரையே கேளுங்கள், உள்ளே விட்டு எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.